மரம் சிவப்பு, கூரை பச்சை

கார்டு மாமா பொய் சொல்கிறார்.

போன மாதம் நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்ட பதிவை எல்லோரும் படித்தீர்கள். கை தட்டினீர்கள், மாலை போட்டீர்கள், 'லெஜண்ட் மாமா' என்று எழுதினீர்கள். சர்வீஸ் முழுக்க ஒரு சிக்னலைக்கூடத் தவறாகப் பார்த்ததில்லையாம். அதோடு விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்கு நிறக்குருடு என்பதையே தன் கை விளக்கை வைத்துக் கண்டுபிடித்தாராம். பெற்றவர்களுக்கே தெரியாததை அவர் கண்டுபிடித்துச் சொன்னாராம்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை நான். எனக்கு நிறக்குருடு கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை.

ஜனவரியில் நாம் எல்லோரும் கூடும்போது கொடுக்கப்போகும் நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். "சாந்த்ராகாச்சி நாட்களைப் பற்றி ஜாலியா எழுதுங்க" என்றார்கள். ஜாலியாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இதை குரூப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் மாமாவின் மருமகன்தான் குரூப்புக்கு அட்மின். எழுதிய வேகத்தில் அழித்துவிடுவார். அச்சில் வந்தால் அழிக்க முடியாது.

நமக்கெல்லாம் நாற்பது தாண்டிவிட்டது. முடிக்குச் சாயம் அடிக்கிறோம், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு போனைப் பார்க்கிறோம். இந்த வயதில் இதையெல்லாம் கிளற வேண்டுமா என்று கேட்பீர்கள். கிளற வேண்டும். முதலில் கிளறியது நான் இல்லை.

கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சியில், அந்தக் கோடையில் எனக்குப் பத்து வயது. அப்பா கூட்ஸ் டிரைவர். நம் பிளாக்கில் மேல் மாடியில் எங்கள் வீடு, அடுத்த கதவு கார்டு மாமா வீடு, எங்களுக்கு நேர் கீழே காக்கிமா வீடு. காக்கிமா என்றால் பெங்காலியில் சித்தி. அவர் வீட்டுக்காரர் ரயில்வே அக்கவுண்ட்ஸில் கிளார்க். மாமா ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியும் விளக்கும் காட்டிப் போகும் கார்டு, திருநெல்வேலிக்காரர். நாங்கள் பொன்மலை. அம்மா அவரை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கும் தம்பிக்கும் அவர் மாமா ஆனார். வேறு உறவு ஒன்றும் இல்லை.

லீவு விட்ட கையோடு கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா வந்தார். கிதிர்பூர் டாக்கில் அவர் கப்பல் நின்றிருந்தது. ஒரு சோப்புப் பெட்டி, ஒரு டின் பால் பவுடர், எனக்கு ஓர் அட்டைப் பெட்டி. பெட்டியின் மூடியில் ஒரு படம். பனி மலை, ஏரி, ஏரிக்கரையில் சிவப்புக் கூரை போட்ட வீடு, பச்சை மரங்கள், தண்ணீரில் ஒரு வெள்ளை அன்னம். உள்ளே அதே படம் கோடு கோடாக, வெளிர் நீலத்தில், இரண்டு அட்டைகளில். கோடுகளுக்கு நடுவே பொடிப்பொடியாக எண்கள். சுண்டுவிரல் நுழையாத சின்னச் சின்னக் கிண்ணங்களில் பெயிண்ட், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக. ஒவ்வொரு மூடியிலும் ஓர் எண். ஒரே ஒரு பிரஷ்.

"நம்பரைப் பார்த்து அந்தக் கலரை அடி. அவ்வளவுதான். யாரு வேணா பெயிண்டர் ஆகலாம்" என்றார் சித்தப்பா.

முதல் அட்டையை நான் அப்படியே செய்தேன். எட்டு என்றால் பச்சை, பதினொன்று என்றால் செங்கல் சிவப்பு, ஒன்று என்றால் வெள்ளை. கோட்டைத் தாண்டாமல், மூச்சை அடக்கிக்கொண்டு செய்தேன். கல்கத்தாப் புழுக்கத்தில் பெயிண்ட் காயவே காயாது. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். பிசுபிசுவென்று ஒட்டும். அந்த வாசனை இப்போதும் எனக்குத் தெரியும். புது ரப்பர் செருப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி இருக்கும்.

முடித்ததும் அப்பா அதை ஆணி அடித்து மாட்டினார். வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். கார்டு மாமாவும் வந்து பார்த்தார். "ஏ, ஃபாரின் மாதிரில்லா இருக்கு!" என்றார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதைப் பார்த்தார், பாராட்டினார்.

எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. முடித்த அன்றே பிடிக்கவில்லை. பெட்டியின் மூடியில் ஏற்கெனவே இருந்த படம்தான் அது. நான் எதற்கு? யாரோ முன்பே சாப்பிட்டு முடித்த தட்டைக் கழுவி வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் கை அரித்தது. சும்மா இருக்க முடியவில்லை. வெளியே கொளுத்துகிற வெயில். யார்டில் பகல் முழுக்க வேகன்கள் மோதிக்கொள்ளும் சத்தம். டிங் டிங் என்று ஒன்று தொடங்கி வேகன் வரிசையின் கடைசி வரை ஓடும். இரண்டாவது அட்டையை எடுத்து ஜன்னலோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பச்சைக் கிண்ணம் காலி. வெள்ளையும் காலி. முதல் படத்து மலையும் மரமும் அன்னமும் எல்லாவற்றையும் தின்றுவிட்டன. மிச்சம் இருந்தது சிவப்பும் பழுப்பும் கறுப்பும்தான். மரத்துக்கு என்ன அடிப்பது?

நிமிர்ந்து பார்த்தேன். யார்டு கேட் பக்கத்தில் நின்ற குல்மோகர் மரம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். காக்கிமா அதை கிருஷ்ணசூடா என்பார். அந்த மாதத்தில் அதில் ஓர் இலை கிடையாது. முழுக்க சிவப்பு. அவ்வளவுதான். எட்டு என்று போட்ட இடத்தில் எல்லாம் சிவப்பை அடித்தேன்.

அடித்ததும் எனக்குள் ஏதோ ஓட ஆரம்பித்தது. அதற்கு நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது. எண்கள் இருந்தன, கோடுகள் இருந்தன, ஆனால் எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதை என் கையில் வைத்துக்கொண்டேன். பனி மலையைக் கறுப்பும் பழுப்பும் அடித்து நிலக்கரிக் குவியல் ஆக்கினேன். யார்டில் தினம் பார்க்கிற குவியல். வானத்தை மூன்றாம் நம்பர் நீலத்தில் இருந்து மாற்றி, கால்போய்ஷாகிப் புயல் வருவதற்கு முன்னால் வருமே அந்தக் கலங்கிய பழுப்பு ஆக்கினேன். அன்னத்தைக் கறுப்பாக்கினேன். நம் ஜீலில், ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்தப் பெரிய ஏரியில், அன்னம் எங்கே இருந்தது? நீர்க்காகம்தான் இருந்தது. கொம்பில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைக்கும்.

கூரை மட்டும் நின்றது. ஜன்னலுக்குக் கீழே பழைய கேங்மேன் கொட்டகையின் ஓட்டுக் கூரை தெரிந்தது. கோடை மழை இரண்டு தடவை பெய்து, அதன்மேல் பாசி பிடித்து, வெல்வெட் மாதிரி பச்சையாக இருந்தது. என்னிடம் பச்சை இல்லை. அம்மாவின் துணிக்குப் போடும் நீலத்தை எடுத்தேன். அஞ்சறைப் பெட்டியில் இருந்து மஞ்சள் தூளை எடுத்தேன். குழைத்தேன். பாசிப் பச்சை வந்தது. எனக்குத் தெரிந்து அதுதான் நான் முதன்முதலில் உண்டாக்கிய நிறம். பத்து வயதில், நீலத்தில் மஞ்சள் சேர்ந்தால் பச்சை என்று யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்தேன். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பும் தீர்ந்தது. கீழே ஓடி காக்கிமாவிடம் ஆல்தா கேட்டேன். பூஜை நாளில் காலில் பூசிக்கொள்கிற அந்தச் சிவப்புச் சாயம். பாட்டிலோடு கொடுத்துவிட்டு அவரே பின்னால் படியேறி வந்தார். அட்டையைப் பார்த்தார்.

"ஓ மா! ஏ தோ ஆமாதேர் ஜீல்!" என்றார். இது நம்ம ஏரியாச்சே என்று. அன்னம் இருந்த இடத்தில் விரலை வைத்து, "பான்கௌரி!" என்றார். நீர்க்காகம் என்று. சரியாகச் சொன்னார். கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

அந்த ஒரு ஆள்தான் அந்தப் படத்தைப் பார்த்தார். மற்றவர்கள் அதை வைத்து என்னைப் பார்த்தார்கள்.

படம் காய்வதற்காக வராந்தாச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். டியூட்டி முடிந்து வந்த கார்டு மாமா படியேறும்போது பார்த்தார். தன் டியூட்டிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். மூடிப் படத்தை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ஏட்டி, இது என்னது?"

"படம் மாமா."

"மரம் செவப்பு. கூரை பச்சை." மறுபடி மூடியைப் பார்த்தார். "இதுல மரம் பச்சை, கூரை செவப்பு. அப்படியே திருப்பில்லா போட்டிருக்கா?"

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒரு ரயில்வேக்காரருக்குத்தான் அந்த முகம் வரும். வேறு எந்த வீடாக இருந்தாலும் குழந்தை ஏதோ கிறுக்கியிருக்கிறது என்று போயிருப்பார்கள். சிவப்பையும் பச்சையையும் மாற்றிப் போட்டிருக்கிறாள் என்றால் ஒரு கார்டுக்கு ஒரே அர்த்தம்தான். மெடிக்கலில் ஃபெயில்.

அங்கேயே, நடுப்பகல் வெயிலில், வராந்தாவில், தன் பெட்டியைத் திறந்து கை விளக்கை எடுத்தார். உங்களில் பலர் அதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். மண்ணெண்ணெய் விளக்கு. உள்ளே சிவப்புக்கு ஒரு கண்ணாடி, பச்சைக்கு ஒரு கண்ணாடி. மேலே திருகினால் சுடருக்கு முன்னால் மாறி மாறி வரும். அன்றைக்கு விளக்கு ஏற்றவில்லை. கண்ணாடிகளைத் துடைப்பதற்குக் கழற்றுவாரே, அப்படிக் கழற்றினார். ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன கலரு?"

"சிவப்பு."

மற்றதைப் பிடித்தார். "இது?"

நான் பார்த்தேன். "நீலம் மாமா."

"நல்லாப் பாத்துச் சொல்லுட்டி."

நன்றாகப் பார்த்தேன். கண்ணாடி வழியாக வெயில் அவர் சட்டையில் விழுந்திருந்தது. அதுவும் நீலம். "நீலம்தான் மாமா."

"தங்கச்சி!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "இங்க வாம்மா, ஒம் மவ பச்சைய நீலம்ங்கா! நூறு தடவ கேட்டாலும் நீலம்ங்கா!"

இரண்டு தடவைதான் கேட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் மாமா எங்கள் வீட்டுக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா காபி கொடுத்தாள். நான் கதவோரம் நின்றேன். என்னை உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"விளையாட்டுக்கு அடிச்சிருக்கும் சார், புள்ளைதானே" என்றார் அப்பா.

"வெளையாட்டுக்கு அடிச்சது சரி. கண்ணாடிய நீலம்னு சொன்னதும் வெளையாட்டா?"

நான் சொன்னேன், "அப்பா, எனக்கு எல்லாக் கலரும் தெரியும்."

மாமா சிரித்தார். "வே டிரைவரு, கலர் தெரியாதவனுக்குத் தனக்குத் தெரியலங்கிறதே தெரியாது. அதான் அந்த நோயி."

இதற்கு என்ன பதில் சொல்வது? இப்போது சொல்லுங்கள், இந்த வயதில், படித்தவர்கள்தானே எல்லோரும். தெரியும் என்றாலும் நோய், தெரியாது என்றாலும் நோய்.

அம்மா பாவம், முயற்சி செய்தாள். "அண்ணே, என் சேலைக் கலரெல்லாம் கரெக்டா சொல்லுவாளே. கிளிப்பச்சையை எடுத்துட்டு வான்னா எடுத்துட்டு வருவாளே."

"மனப்பாடம். சேலையத் தெரியும், கலரத் தெரியாது."

அப்பா சுவரைக் காட்டினார். "முதல் படத்தை எல்லாம் சரியா அடிச்சாளே சார்?"

மாமா அதற்காகவே காத்திருந்த மாதிரி எழுந்து போய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். "நம்பர் போட்டிருக்குல்லா வே? நம்பரப் பாத்து அடிச்சிருக்கா. நம்பரு குருடனுக்கும் தெரியும். சொந்தமா அடிக்கச் சொன்னப்போ வெளுத்துப் போச்சு பாரும்."

அதாவது, சொன்னபடி செய்த படம் எனக்குக் கண் தெரியும் என்பதற்குச் சாட்சி இல்லை. சொந்தமாகச் செய்த படம் எனக்குக் கண் தெரியாது என்பதற்குச் சாட்சி. இப்படி ஒரு தீர்ப்பை நான் அதற்குப் பிறகு எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை. பல ஆபீஸ் பார்த்துவிட்டேன்.

காக்கிமா காதில் விழுந்து மேலே வந்தார். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி மரத்தைக் காட்டினார், கொட்டகைக் கூரையைக் காட்டினார், படத்தைக் காட்டினார். பெங்காலியில் படபடவென்று பேசினார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. எட்டிப் பார்த்திருந்தால் போதும். மாமா எட்டிப் பார்க்கவில்லை. காக்கிமா படியிறங்கிப் போன பிறகு, "அக்கவுண்ட்ஸ்காரன் பொண்டாட்டிக்கு சிக்னலப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது ரத்தத்துல வாரது வே. எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பான். ஒமக்கு மெடிக்கல் எப்போ?"

அப்பாவுக்கு மெடிக்கல் அந்த மழைக்காலத்தில்தான் வந்தது. டிரைவர்களுக்குக் கண் டெஸ்ட் வைப்பார்கள். கண்ணில் ஏதாவது குறை என்றால் இன்ஜினில் இருந்து இறக்கிவிடுவார்கள். ஸ்டோரில் உட்கார்ந்து மூட்டை எண்ண வேண்டும். அப்பாவின் கையில் காபி டம்ளர் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்து, "வெளில சொல்லிடாதீங்க சார்" என்றார்.

மாமா சொன்னார். ரன்னிங் ரூமில், டிரைவர்களும் கார்டுகளும் ஓய்வெடுக்கிற இடத்தில், என் படத்தையே எடுத்துப்போய்க் காட்டிச் சொன்னார். "ஒருநா குடு, தாரேன்" என்று அம்மாவிடம் வாங்கிப் போனார். திரும்பி வரவில்லை. நான் உண்டாக்கிய பச்சை அதில் இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

இங்கே எழுந்து போய் அறைக்குள் நடந்துவிட்டு வந்தேன். உட்கார்ந்து எழுத முடியவில்லை.

பெயிண்ட் பெட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்த பழுப்பை அவன் சைக்கிள் மணியில் பூசினான். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் நடந்த ஆங்கார் ஸ்கூலில், படம் வரையச் சொல்லித்தரும் வகுப்பில், ஜூலையில் என்னைச் சேர்ப்பதாக அப்பா சொல்லியிருந்தார். தம்பியைச் சேர்த்தார்கள். அவனுக்கு நேராக ஒரு கோடு போட வராது.

கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கே கூட்டிப்போவது? நமக்கு ஆஸ்பத்திரி என்றால் ரயில்வே ஆஸ்பத்திரி. அங்கே போனால் சீட்டில் அப்பா பெயர், அப்பா டிப்போ, எல்லாம் எழுதுவார்கள். அப்பாவின் மெடிக்கல் முடிகிற வரை என்னை அந்தப் பக்கமே கொண்டு போகவில்லை. மெடிக்கல் முடிந்தது. அப்பா பாஸ். அம்மா கேசரி கிண்டினாள். அதற்குப் பிறகாவது கூட்டிப்போனார்களா? இல்லை. அதற்குள் எனக்கு நிறம் தெரியாது என்பது வீட்டில் பழகிப்போயிருந்தது. தம்பிக்குப் பால் பிடிக்காது, அவளுக்குக் கலர் தெரியாது. அவ்வளவு சாதாரணமாகிவிட்டது.

இப்போது உங்களிடம் வருகிறேன். ஒதுங்கிக்கொள்ளாதீர்கள்.

ரன்னிங் ரூமில் இருந்து அது உங்கள் வீடுகளுக்கு வந்தது. மைதானத்தில் நான் வந்தால் உங்களில் ஒருவன் சிவப்புக் கைக்குட்டையையும் ஒருவன் பச்சை இலையையும் ஆட்டுவான். "ஏய் ராங் சிக்னல்! போகலாமா, நிக்கலாமா?" நான் சரியாகச் சொல்வேன். சொன்னால், "கெஸ் பண்ணிட்டாடா!" என்பீர்கள். பெண் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தீர்கள். எனக்கு வைத்த அந்த 'ராங் சிக்னல்' பெயர் நான் பள்ளி முடிக்கிற வரை ஓடியது. போன மாதம்கூட ஒருவர் குரூப்பில் 'ஹாய் WS' என்று எழுதினார். எனக்குப் புரியாதென்று நினைத்தாரோ என்னவோ.

ஆகஸ்ட் பதினைந்து அன்று கிளப் மைதானத்தில் 'போஷே ஆங்கோ'. உட்கார்ந்து வரைகிற போட்டி. ஷாமியானாவுக்கு அடியில் சணல் கோணிகள் விரித்து வரிசையாகப் பிள்ளைகள். லவுட் ஸ்பீக்கரில் தலைப்பு சொன்னார்கள், மழை நாள் என்று. தம்பிக்குத் தண்ணீர்க் கிண்ணம் பிடிப்பதற்காக நான் போயிருந்தேன். கிளப்பில் வேலை செய்த ஒரு பெங்காலி தாதா, அதாவது அண்ணன், நல்ல மனுஷன், என் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தார். "துமி போஷ்பே நா?" நீ உட்காரவில்லையா என்று.

நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்துவிட்டேன். தாளை மடியில் வைத்துவிட்டேன். அம்மா வேகமாக வந்து அவரிடம் இந்தியில் சொன்னாள், "நஹீ பையா, இஸ்கோ கலர் ப்ராப்ளம் ஹை."

அவர் என் கண்ணைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

தம்பி வானத்துக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தான். மேலே வானம் ஈயப் பாத்திரத்தின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது. "டேய், மேல பாருடா" என்றேன். "உனக்குத்தான் தெரியாதே" என்றான். அவனுக்கு ஏழு வயது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான்.

பன்னிரண்டாவது முடித்ததும் ஆர்ட் காலேஜ் ஃபார்ம் வாங்கப் போகிறேன் என்றேன். அப்பா பேப்பரை மடித்துவிட்டு, "கலர் தெரியாம ஆர்ட் காலேஜாம்மா? அங்கயும் சிரிப்பாங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பி.காம். சேர்ந்தேன். பாலிகஞ்சில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன் மெடிக்கல். டாக்டர் புள்ளிப் புத்தகத்தைத் திறந்தார். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகம். பக்கம் பக்கமாகப் புரட்டினார், நான் எண்களைச் சொன்னேன். புத்தகத்தை மூடினார். "நார்மல். நெக்ஸ்ட்" என்றார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை அதுவரை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. வாசலில் திரும்பி நின்று அவரிடம் கேட்டேன், பெண்களுக்கு இது வருமா என்று. வருவது மிகவும் அபூர்வம், வந்தால் அநேகமாக அப்பாவுக்கும் இருக்க வேண்டும் என்றார். என் அப்பா ஒவ்வொரு மெடிக்கலிலும் பாஸ் ஆனவர்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டே, "அப்பாடா, நல்லதாப் போச்சு. யார்கிட்டயும் பழசச் சொல்லாத, வரன் பாக்குற நேரம்" என்றாள்.

அப்பா ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் அவரை ஹவுராவில் இருக்கும் ரயில் மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடி அலமாரியில் மாமாவுடையது மாதிரியே ஒரு கை விளக்கு. ஏற்றாத விளக்கு. உள்ளே கண்ணாடி தெரிந்தது. நீலம். யார் பார்த்தாலும் நீலம்.

"இது ஏம்பா நீலமா இருக்கு?" என்று கேட்டேன். சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"மண்ணெண்ணெ வெளிச்சம் மஞ்சளால்ல இருக்கும்? அதனால கண்ணாடிய நீலமாத்தான் வைப்பாங்க. ஏத்துனா பச்சையா தெரியும்" என்றார். சொல்லி முடித்த பிறகு அவர் அடுத்த அலமாரிக்கு நகர்ந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பழைய டோக்கன் மெஷினுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

நீலத்தில் மஞ்சள் சேர்ந்தால் பச்சை. ஜன்னலோரத்தில் துணி நீலமும் மஞ்சள் தூளும் குழைத்த எனக்கு அதைச் சொல்ல வேண்டாம்.

அப்பாவுக்கு அது எப்போதிலிருந்து தெரியும்? மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்த அந்தச் சாயங்காலமே தெரியுமா? தெரிந்தும் இன்ஜினுக்காக வாயை மூடிக்கொண்டாரா? அல்லது மியூசியத்தில் சொல்லும்போதுதான் அவருக்கே உறைத்ததா? நான் கேட்கவில்லை. பஸ்ஸில் கேட்கலாம் என்று நினைத்தேன், வீட்டுக்கு வந்து கேட்கலாம் என்று நினைத்தேன். இப்போது அப்பா இல்லை. கேட்க மிச்சம் இருப்பது ஒருவர்தான்.

இப்போதெல்லாம் அந்த எண் பெட்டிகள் ஆன்லைனில் கொட்டிக் கிடக்கின்றன. ஆபீஸில் பாதிப் பேர் மனசு அமைதியாகிறது என்று அடிக்கிறார்கள். நானும் வாங்குகிறேன். பிரித்ததும் முதலில் நிற அட்டையைக் கிழித்துக் குப்பையில் போடுவேன். எனக்கு அமைதி ஒன்றும் வரவில்லை. போன தடவை ஏதோ வெளிநாட்டுத் திராட்சைத் தோட்டம். அதை யார்டாக மாற்றினேன். வரிசைகள் எல்லாம் தண்டவாளம். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தக் கூரைப் பச்சை மட்டும் எனக்கு மறுபடி வரவில்லை. விலை உயர்ந்த பெயிண்ட் எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டேன்.

மாமா, இனி உங்களிடமே பேசுகிறேன்.

உங்கள் பதிவோடு ஒரு போட்டோ போட்டிருந்தீர்கள். உங்கள் வீட்டுப் பால்கனி, காலை வெயில், திண்டில் பளபளவென்று துடைத்து வைத்த கை விளக்கு. விளக்கின் முன் கதவு திறந்திருந்தது. நான் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடி நீலமாக இருக்கிறது. உங்கள் போட்டோவிலேயே நீலமாக இருக்கிறது. அதற்குக் கீழேதான் எனக்குக் கண் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் நிறக்குருடு எனக்கு.

சர்வீஸ் முழுக்க அந்த விளக்கை ஏற்றினீர்கள், துடைத்தீர்கள், பகலில் கையில் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். அது நீலம் என்று உங்களுக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும் என்றால் என்னை ஏன் அப்படிச் செய்தீர்கள்? தெரியாது என்றால் யாருக்கு மாமா கண் தெரியவில்லை?

எனக்கு போன் செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்து தலையைத் தடவி, 'விடுட்டி, பழைய கதை' என்று சொல்லாதீர்கள். வராந்தாவில் எல்லோரும் பார்க்கக் கேட்டீர்கள், எல்லோரும் பார்க்கவே பதில் சொல்லுங்கள். ஜனவரிக் கூட்டம் பகலில், திறந்த மைதானத்தில் நடக்கிறது. உங்களுக்குப் பொன்னாடை உண்டு. அந்த விளக்கையும் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கொண்டு வாருங்கள். ஏற்ற வேண்டாம். அன்றைக்குக் கழற்றிய மாதிரி கண்ணாடியைக் கழற்றி, மேடையில் நின்று வெயிலில் தூக்கிப் பிடியுங்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என்னை ராங் சிக்னல் என்று கூப்பிட்ட எல்லோரும் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

நன்றாகப் பார்த்து, மைக்கில் சொல்லுங்கள் மாமா. அது என்ன கலர்?